தகரத்துக்குப் பின்னால் போன நடைபாதை

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. தெஹிவளையிலிருந்து உட்புறமாக, அத்திடிய பக்கம் 22 வருடமாக இருக்கிறோம். எங்கள் ஒழுங்கையின் முடிவில் கால்வாய்க் கரையோரமாக ஒரு நடைபாதை போகிறது, ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. முன்பு ஒற்றையடிப் பாதை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் கிரவல் போட்டு, நான்கு வாங்கு வைத்து, சதுப்புக்கு மேலால் பலகைப் பாலமும் கட்டித் தந்தார்கள். போன மாதம், பாதையோரம் இருக்கிற மூன்று ஏக்கர் பழைய வயற்காணியைச் சுற்றித் தகரம் அடித்து, வீடமைப்புத் திட்டம் வருகிறது என்று பலகை நட்டிருக்கிறார்கள். பாதையின் கடைசி 200 மீற்றரும் தகரத்துக்குள் போய்விட்டது. கேட்டதற்கு, "பாதை எங்கள் ப்ளானுக்குள்தான் வருகிறது, வேலை முடிந்ததும் அழகாக்கித் திறப்போம்" என்கிறார்கள். யாருக்குத் திறப்பார்கள் என்று சொல்லவில்லை. வழக்குப் போடலாமா? கையெழுத்துச் சேர்த்து மனுக் கொடுக்கலாமா? நடக்க வருகிறவர்களில் சிங்களவர், முஸ்லிம்கள், நாங்கள் என்று எல்லோரும் இருக்கிறோம். ஆனால் தமிழ்ப் பெயரோடு முதல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். தாழைக்கோழிகளைப் பற்றியும் பின்னேர வெயிலைப் பற்றியும் நீங்கள் எழுதியிருந்த இரண்டு பக்கத்தை இடம் போதாமல் இங்கே வெட்டிவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். சட்டத்தரணியின் கண்ணில் குத்தியது ஒரே ஒரு வரிதான்: "பாதை எங்கள் ப்ளானுக்குள்தான் வருகிறது." சொன்னவர் தெரிந்து சொன்னாரோ, வாயில் வந்ததைச் சொன்னாரோ, உங்கள் பிரச்சினை முழுவதும் அந்த வரிக்குள் இருக்கிறது. அது உண்மையென்றால் நீங்கள் போக வேண்டிய வழி நீளம். பொய்யென்றால் தகரத்தைக் கழற்ற வைப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

இப்படியான விஷயங்களில் ஆட்கள் எடுத்தவுடன் வீடமைப்பை எதிர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். "ஒரு கல்லும் வைக்க விடமாட்டோம்" என்று பதாகை கட்டுவார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். வீடு கட்டுவதை நிறுத்துவது ஒரு சண்டை, பாதையைக் காப்பது இன்னொரு சண்டை. முதலாவதில் காணிக்காரருக்குச் சொத்துரிமை இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது, முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களும் இருக்கலாம். நீங்கள் இப்போது இருக்கிற வீடும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் வயலாகத்தான் இருந்திருக்கும், என்னுடையதும் அப்படித்தான். இரண்டாவது சண்டை ஆறேழு அடி அகலமான ஒரு காணித்துண்டைப் பற்றியது. அந்தத் துண்டு யாருடையது என்று கடதாசியில் காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆகவே முதல் வேலை ப்ளான்களைத் தேடுவது. "ப்ளான்களை" என்று பன்மையில்தான் சொல்கிறேன்.

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் கால்வாய்க்கும் தனியார் காணிக்கும் இடையில் அநேகமாக ஓர் ஒதுக்கு இருக்கும். கால்வாயைத் துப்புரவு செய்ய பெக்கோ இயந்திரம் இறங்கவும், வெள்ளம் ஏறினால் தண்ணீர் நிற்கவும் விடப்பட்ட அரச நிலம் அது. காணி உறுதியின், அதாவது காணி யாருடையது என்று சொல்லும் பத்திரத்தின், அட்டவணையில் எல்லை சொல்லும் இடத்தைப் பாருங்கள். "வடக்கே: எல ஒதுக்கு" (எல என்றால் சிங்களத்தில் கால்வாய்) என்று எழுதியிருந்தால், அந்தக் காணி ஒதுக்கோடு முடிகிறது, தண்ணீர் வரை போகவில்லை. "வடக்கே: எல" என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள், முடிவுக்கு வர வேண்டாம். அதற்கு முந்திய உறுதியையும் அதோடு சேர்ந்த நில அளவைப் படத்தையும் எடுங்கள். அதற்கும் முந்தியதையும் எடுங்கள். காணிப் பதிவகத்தில் கட்டணம் கட்டி யாரும் தேடலாம், காணிக்காரராக இருக்க வேண்டியதில்லை. உறுதி எழுதிப் பழகிய நொத்தாரிசு ஒருவரோ பதிவகத்தில் தேடிக் கொடுப்பவரோ துணைக்கு வந்தால் ஓரிரு நாளில் முடியும்.

ஏன் இவ்வளவு பின்னுக்குப் போகச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் கொழும்பை அண்டிய வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு விஷயம் என்னிடம் வந்தது. ஊர்க்காரர் கோபத்தோடு வந்தார்கள், கையில் படங்கள், வீடியோக்கள், பத்திரிகைத் துண்டுகள். ப்ளான் மட்டும் இல்லை. தேடியெடுத்தபோது, பழைய படத்தில் அந்தக் காணி ஏக்கர் 1, ரூட் 2, பேர்ச்சஸ் 10 (ஏக்கருக்கு 4 ரூட், ரூட்டுக்கு 40 பேர்ச்சஸ்). கைமாறிய பிறகு அளந்த புதுப் படத்தில் ஏக்கர் 1, ரூட் 2, பேர்ச்சஸ் 31. மற்ற மூன்று பக்கமும் மதில், அசையவில்லை. 21 பேர்ச்சஸ் எங்கிருந்து வந்தது? கால்வாய்ப் பக்கத்திலிருந்துதான். "எல ஒதுக்கு" என்ற இரண்டு சொல்லில் "ஒதுக்கு" மட்டும் புதுப் படத்தில் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குள் ஊரின் பாதை முழுவதும் இருந்தது. பிறகு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம், ஒரு நினைவூட்டல், ஒரு கள அளவை, அவ்வளவுதான். ஏழு மாதம் எடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் பகுதி, காணி உரித்தைப் பதிவுசெய்யும் "பிம் சவிய" என்ற அரச திட்டத்தில் அளக்கப்பட்டிருந்தால் வேலை இன்னும் லேசு. அந்த வரைபடத்தில் பாதை, ஒதுக்கு, தனியார் காணி எல்லாம் தனித்தனி இலக்கத்தோடு இருக்கும். நில அளவைத் திணைக்களத்தில் வரைபடங்களை விலைக்கு வாங்கலாம். கூகுள் ஏர்த்தில் பழைய வருடங்களின் செய்மதிப் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது, உங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். பாதை எந்த வருடத்திலிருந்து தெரிகிறது என்று வரிசையாக அச்செடுத்து வையுங்கள்.

சரி, ப்ளான் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

தகரம் அடித்த இடம் கால்வாய் ஒதுக்குக்குள் வந்தால், நீங்கள் போக வேண்டியது இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கு. முன்பு பெயரில் "காணி மீட்பு" என்றும் இருந்த அதே கூட்டுத்தாபனம்தான். 1968 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கொழும்பின் தாழ்நிலங்களுக்கும் கால்வாய்களுக்கும் பொறுப்பானது அது. மாநகர சபை கிரவல் போட்டு வாங்கு வைத்திருந்தால், அந்த வேலைக்கான கோப்பு சபையில் இருக்க வேண்டும். மதிப்பீடு, ஒப்பந்தம், சபைத் தீர்மானம் ஆகிய மூன்றில் ஒன்றாவது கிடைத்தால், பொதுப்பணம் செலவழித்த பாதை என்று நிறுவலாம். தனியார் காணியில் சபை ஏன் பணம் போட்டது என்ற கேள்வியைச் சபைதான் பிறகு எதிர்கொள்ள வேண்டும், நீங்களல்ல. சபையின் வீதிப் பதிவேட்டில் அந்தப் பாதை ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். அநேகமாக ஏறியிருக்காது. இல்லையென்றால் இப்போதாவது ஏற்றச் சொல்லி எழுத்தில் கேட்பது நல்லது.

பொதுமக்கள் பாவிக்கும் பாதையைச் சட்டவிரோதமாக மறித்தால், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவில் நீதவான் நிபந்தனைக் கட்டளை ஒன்று போட்டு, தடையை அகற்றச் சொல்லலாம். பெரிய வழக்குக்கெல்லாம் முந்தியது இது. ஆனால் பாதை பொதுப்பாதை என்பதற்கு நீங்கள் ஏதாவது காட்ட வேண்டும், வெறுங்கையோடு போனால் மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையை நிறுவிக்கொண்டு வரச் சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து யாரும் இரவில் போய்த் தகரத்தைக் கழற்ற வேண்டாம். பாதையைப் பற்றிய முறைப்பாடு அடுத்த நாள் உங்கள் மகனைப் பற்றிய முறைப்பாடாக மாறிவிடும்.

இனிக் கசப்பான பக்கம். உறுதிகளெல்லாம் சரியாக இருந்து, அந்த 200 மீற்றரும் உண்மையிலேயே தனியார் காணிக்குள்தான் என்று தெரியவந்தால்? "22 வருடமாக நடக்கிறோம், பத்து வருடம் பாவித்தால் உரிமை வந்துவிடும்தானே" என்று உங்கள் ஒழுங்கையில் யாராவது சொல்லியிருப்பார்கள். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருடக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் எங்கள் ரோமன்-டச்சுச் சட்டத்தில் வழியுரிமை என்பது ஒரு காணிக்காக இன்னொரு காணியின் மேல் வருவது. உங்கள் வீட்டுக்குப் போக வேறு காணிக்கூடாகப் பத்து வருடம், அனுமதி கேட்காமல், தடையில்லாமல் போய் வந்தால் அந்த உரிமை உங்கள் காணியோடு ஒட்டிக்கொள்ளும். காற்று வாங்க நடந்தவருக்கு ஒட்டிக்கொள்ள அங்கே காணி இல்லை. அதோடு, காணிக்காரர் நல்ல மனதோடு "நடந்துவிட்டுப் போங்கள்" என்று விட்டிருந்தால் அது அனுமதி, அனுமதியில் எத்தனை வருடம் நடந்தாலும் கணக்கில் வராது. ஊர் நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து பொதுமக்கள் பாவித்த பாதை, அல்லது முந்திய காணிக்காரர் பொதுப் பாவனைக்கென்று விட்டுக்கொடுத்த பாதை என்றால் அது வேறு வாதம். அதற்குச் சாட்சி வேண்டும்.

சாட்சி உங்கள் ஊரில் இருக்கிறார். நீங்கள் சொல்லும் காணி பழைய வயல். அப்படியானால் அந்தப் பாதை ஒரு காலத்தில் வயல் வரம்பாக இருந்திருக்கும். அதில் நடந்து பள்ளிக்கூடம் போனவர்கள், மாடு ஓட்டியவர்கள், பெல்லன்வில விகாரைக்குப் பூத்தட்டோடு போனவர்கள் இன்றைக்கும் எழுபது எண்பது வயதில் பக்கத்து ஒழுங்கைகளில் இருப்பார்கள். பெரும்பாலும் சிங்களக் குடும்பங்களாக இருக்கும். அவர்களில் மூன்று பேரிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். சொன்னதை அவர்கள் மொழியிலேயே சத்தியக் கடதாசியாக எழுதி, சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைக்கச் செய்யுங்கள். நானூறு கையெழுத்து மனுவைவிட இந்த மூன்று கடதாசிக்கு நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம். உங்கள் வீட்டில் கேட்ட "முதல் கையெழுத்து யார்" என்ற கேள்விக்கும் இதில் பாதி விடை வந்துவிடுகிறது. ஊரில் ஆக மூத்தவர் எவரோ அவர் முதலில் வைப்பதுதான் முறை.

அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. 22 வருடம் ஓர் ஊரில் இருந்தும் ஒரு கடதாசியில் பெயர் எழுத யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த விஷயம். ஒன்று மட்டும் சொல்லலாம். மேல் மாகாணத்தில் எந்த அரச அலுவலகத்துக்கும் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. உரிமை அப்படி இருக்க, நடைமுறையில் நான் செய்வது வேறு. தமிழ்க் கடிதத்தோடு சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றையும் இணைத்துவிடுவேன். இல்லாவிட்டால் கடிதம் மொழிபெயர்ப்பாளரின் மேசையில் மூன்று மாதம் படுத்திருக்கும், அந்த மூன்று மாதத்தில் அங்கே அத்திவாரம் போட்டுவிடுவார்கள்.

அரச அலுவலகங்களிடம் ஆவணங்களைக் கேட்டு வாங்கும் தகவலறியும் உரிமை விண்ணப்பத்துக்கு ஆட்களைக் கூட்டவே தேவையில்லை. தனியொரு குடிமகன் போதும், காரணமும் சொல்ல வேண்டாம். இந்த உரிமைக்கும் கொழும்பில் காலாற நடப்பதற்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. காலிமுகத் திடலில் ஒரு கல் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். தேசாதிபதி சேர் ஹென்றி வோர்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடிந்த நடைபாதையை, கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காகப் பின்வருவோரிடம் ஒப்படைப்பதாக அதில் வெட்டியிருக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து நகர அபிவிருத்தி அதிகார சபை அந்தத் திடல் தொடர்பாக ஒரு தனியார் கொம்பனியோடு ஒப்பந்தம் செய்தது. சுற்றாடல் அமைப்பு ஒன்று ஒப்பந்தத்தின் விவரத்தைக் கேட்டது, கொடுக்கவில்லை. 2005 நவம்பரில் உயர் நீதிமன்றம், தகவல் பெறுவது பேச்சுச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று சொல்லி அந்த ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கியது. 2015 இல் 19 ஆவது திருத்தம் அந்த உரிமையை அரசியலமைப்பில் எழுதியது. அடுத்து 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் வந்தது. மாலையில் காற்று வாங்குகிற திடலுக்காக நடந்த வழக்கு இன்று உங்கள் கையில் ஒரு படிவமாக இருக்கிறது.

விண்ணப்பத்தில் "விவரம் தாருங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள், பொதுவான பதில்தான் வரும். மாநகர சபையிடமும் நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்க வேண்டியது: அந்தக் காணிக்கு ஆரம்பத் திட்டமிடல் அனுமதியோ அபிவிருத்தி அனுமதியோ கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறதா, திகதி என்ன, சமர்ப்பித்த நில அளவைப் படத்தின் பிரதி, அனுமதி கொடுத்திருந்தால் நிபந்தனைகளின் பிரதி. காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம்: மண் நிரப்ப அனுமதி கொடுத்தீர்களா, எத்தனை அடி உயரத்துக்கு, கால்வாய் ஒதுக்கின் அகலம் அந்த இடத்தில் எவ்வளவு. வயற்காணிகளைப் பார்க்கும் கமநல சேவை நிலையத்திடம்: அந்தக் காணி இன்னும் வயற்காணிப் பதிவேட்டில் இருக்கிறதா, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நிரப்புவதற்குக் கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி உண்டா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். நகரத்துக்குள் வயல் எங்கே என்று நினைத்துவிடுகிறார்கள் போல. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றாலோ மறுத்தாலோ 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. கொடுத்த அன்றே பற்றுச்சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

சுற்றாடல் சட்டத்தில் ஒரு சிறு கதவு இருக்கிறது, அது உங்களுக்குத் திறக்குமா என்று அளந்துதான் பார்க்க வேண்டும். பொதுவாக 1,000 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டம் என்றால்தான் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்ச் சுற்றாடல் அறிக்கை கேட்பார்கள். மூன்று ஏக்கரில் அவ்வளவு வராது, அதனால் கொம்பனிக்காரர் "எங்களுக்கு அது தேவையில்லை" என்பார். ஆனால் 1993 ஜூன் 24 ஆம் திகதி வர்த்தமானியில் இன்னொரு பகுதி உண்டு. சரணாலயம் ஒன்றுக்குள்ளே, அல்லது அதன் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் வந்தால், பட்டியலில் உள்ள திட்டங்களுக்கு அளவுக் கணக்குப் பார்க்கப்படுவதில்லை. பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் 1990 ஜூலை 25 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 372 ஹெக்டேயர். வேரஸ் கங்கை வழியாகப் பொல்கொடை வாவிக்குப் போகிற தண்ணீர் மழைக்காலத்தில் தங்கி நிற்கிற இடம் அது. உங்கள் தகர வேலியிலிருந்து சரணாலய எல்லைக்கு எத்தனை மீற்றர்? வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் எல்லை வரைபடத்தைக் கேளுங்கள். 100 மீற்றருக்குள் என்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு உடனே எழுதுங்கள். முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவை என்று முடிவானால், அறிக்கையை மக்கள் பார்வைக்கு வைத்து, மூன்று மொழிப் பத்திரிகையிலும் அறிவித்து, கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும். சரணாலயம் என்றதும் தனியார் காணியே அதற்குள் இருக்க முடியாது என்று நினைக்காதீர்கள், இருக்கலாம். தேசிய வனத்துக்கும் சரணாலயத்துக்கும் அதுதான் வித்தியாசம்.

2018 ஒக்டோபரில், ஈரநிலங்களைக் காக்கும் ரம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் டுபாய் மாநாட்டில் கொழும்பு உட்பட 18 நகரங்களுக்கு ரம்சார் ஈரநில நகரம் என்ற பட்டம் கிடைத்தது. கடிதத்தில் ஒரு வரி எழுதலாம், தப்பில்லை. அதை வைத்து ஒரு தகரத்தையும் அசைக்க முடியாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆகக் கூடுதலாக நம்புவது வேறொரு விதியை. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு பிரிக்கும்போது, வீதிகள் நீங்கலாக 10 சதவீதத்துக்குக் குறையாத இடத்தைப் பொதுப் பாவனைக்கும் திறந்த வெளிக்குமாக ஒதுக்க வேண்டும் என்று நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. ஒரு ஹெக்டேயர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். உங்களது மூன்று ஏக்கர் என்கிறீர்கள். அப்படியானால் ஏறக்குறைய 48 பேர்ச்சஸ், வீதிகளைக் கழித்தால் கொஞ்சம் குறையும். கொம்பனிகள் வழமையாக இந்தப் பத்து வீதத்தை என்ன செய்யும் தெரியுமா? விற்க முடியாத மூலையைப் பார்த்து, தண்ணீர் தேங்குகிற இடத்தில் ஒரு முக்கோணத்தை வெட்டி, ஓர் ஊஞ்சலை நட்டுவிட்டு "சிறுவர் பூங்கா" என்று பலகை போடும். அந்த இடத்தைக் கால்வாயோரமாக நீட்டாகத் தரச் சொல்லிக் கேளுங்கள். 200 மீற்றர் நீளத்துக்கு ஆறு மீற்றர் அகலத்தில் விட்டால் 1,200 சதுர மீற்றர், அதாவது 47 பேர்ச்சஸ் அளவு. கொம்பனிக்கு ஒரு வீடும் குறையாது, சட்டப்படி எப்படியும் விட வேண்டிய நிலம். அதுவும் சபையின் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்படும். "அழகாக்கித் திறப்போம்" என்றவரிடம், "யாருக்கு, எந்த உறுதியின் கீழ்" என்று கேட்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

ஆனால் இது அனுமதி கொடுப்பதற்கு முன்னால்தான் நடக்கும். அனுமதி கொடுத்து, துண்டுகளை விற்று, உறுதி எழுதிய பிறகு பேச்சுவார்த்தை என்ற சொல்லுக்கே இடமில்லை. யாரும் வந்து உங்களிடம் ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள் என்பதால், திட்டமிடல் குழு கூடுவதற்கு முன் உங்கள் கடிதம் அந்தக் கோப்புக்குள் இருக்க வேண்டும். மாநகர ஆணையாளருக்கு ஒன்று, அதிகார சபைக்கு ஒன்று, பதிவுத் தபாலில். இந்த வாரமே போகட்டும்.

அந்தக் கடிதத்தில் பாதையை விடுங்கள் என்று மட்டும் எழுதினால் பாதை கிடைக்கும், நடக்க முடியாது. பக்கத்துக் காணியை நாலடி உயர்த்தி நிரப்பினால் உங்கள் பாதை அதன் வடிகானாகிவிடும். மழைக்கு மறுநாள் கிரவல் கால்வாய்க்குள் கிடக்கும். ஆகவே நிரப்பும் காணியின் தண்ணீர் பாதைப் பக்கம் விழாமல் தனி வடிகான் வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் பத்தடி மதில் என்றால் பெண்கள் தனியே நடக்கமாட்டார்கள், ஆறு மாதத்தில் பாதை குப்பை மேடாகும். மதிலுக்குப் பதிலாக ஊடே பார்க்கக்கூடிய கம்பி வேலி கேளுங்கள். ஜன்னல்களிலிருந்து பார்வை விழும் பாதை பாதுகாப்பான பாதை, அது வாங்க வருகிறவர்களுக்கும் நல்லது. வெளிச்சத்தைக் கீழ்நோக்கிப் போடச் சொல்லுங்கள். மீன்பிடிப் பூனை கொழும்புச் சதுப்புகளில் இன்னும் திரிகிறது, இரவில்தான் இரை தேடும், பெருவிளக்குப் போட்டால் அது அந்தப் பக்கம் வராது. இரண்டு முனையிலும் படலை வேண்டாம் என்று தனி வரியாக எழுதுங்கள். படலை வந்தால் பூட்டு வரும், பிறகு காவலாளி, அப்புறம் "குடியிருப்பாளருக்கு மட்டும்". இவையெல்லாம் அனுமதியின் நிபந்தனையாக ஏறிவிட்டால், கட்டி முடித்ததும் சி.ஓ.சி. என்கிற இணக்கச் சான்றிதழ் கொடுக்கும் நேரத்தில் நிறைவேற்றினார்களா என்று பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொது நிலத்தை அரசாங்கம் தன் சொந்தச் சொத்துப் போலக் கையாள முடியாது, மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்று எங்கள் உயர் நீதிமன்றம் 2000 இல் எப்பாவல பொஸ்பேற்று வழக்கிலும், 2008 இல் பத்தரமுல்லை "வோட்டர்ஸ் எட்ஜ்" வழக்கிலும் சொன்னது. பின்னையதில், பொதுத் தேவைக்கென எடுத்த காணி கோல்ஃப் திடலுக்காகக் கைமாறியதை ரத்துச் செய்து, முன்னாள் ஜனாதிபதியே 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பெரிய ஆயுதம்தான். ஆனால் அது பொது நிலம் கைமாறும் இடத்தில் வெட்டும், தனியார் தன் காணியில் வேலி போடும் இடத்தில் வெட்டாது. மறுபடியும் ப்ளானுக்குத்தான் வருகிறோம். ஒதுக்கு நிலத்தைச் சேர்த்து அனுமதி கொடுத்திருந்தால், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், அனுமதியை ரத்துச் செய்யக் கேட்கும் எழுத்தாணை (ரிட்) மனுவும் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவும் யோசிக்கலாம். இரண்டாவதற்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் அனுமதிக் கடிதத்தின் பிரதி உங்கள் கைக்கு வரும் நாளைக் குறித்து வையுங்கள், அன்றே யாராவது சட்டத்தரணியிடம் காட்டுங்கள். நானாக இருக்க வேண்டும் என்றில்லை.

முகநூலில் படம் போடுங்கள், பாதையை, தகரத்தை, மழையில் தண்ணீர் நிற்பதை. எந்த உத்தியோகத்தர் எவ்வளவு வாங்கினார் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். பாதை வழக்கோடு மானநட்ட வழக்கையும் சேர்த்து நடத்த உங்கள் ஓய்வூதியம் போதாது.

தகவல் விண்ணப்பத்தில் நில அளவைப் படத்தின் பிரதி வந்ததும் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, கால்வாய்ப் பக்க எல்லையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "எல" என்றா, "எல ஒதுக்கு" என்றா. அதை மட்டும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி எனக்கு அனுப்பினால் போதும்.